ஜெர்மனியில் எம்.எஸ்.: அரசுப் பல்கலைக்கழகமா என்று முதலில் பாருங்கள்

கன்சல்டன்சியில் எனக்குக் கொடுத்த பட்டியலில் பாதிக்கு மேல் தனியார் கல்லூரிகள். கேட்டால், "எல்லாமே கவர்மென்ட் அங்கீகாரம் உள்ளதுதாம்மா" என்றார்கள். பொய்யில்லை. ஆனால் அங்கீகாரம் இருந்தால் பட்டம் செல்லும், அவ்வளவுதான். தனியார் கல்லூரி பெரும்பாலும் மாணவர் கட்டும் பணத்தில் நடக்கிறது. அரசுப் பல்கலைக்கழகத்துக்கு மாநில அரசு வரிப்பணத்திலிருந்து கொடுக்கிறது. நம் வீட்டுக் கணக்கையே மாற்றிவிடும் வித்தியாசம் இது.

ஜெர்மனியின் உயர்கல்வி நிறுவனங்களைப் பட்டியலிடும் ஹோக்ஷூல்கொம்பாஸ் தளத்தில் ஒவ்வொரு பெயராகப் போட்டுப் பார்த்தேன். அரசுடையதா, தனியாரா என்று அதிலேயே இருக்கும். தனியாரை எல்லாம் அடித்துவிட்டேன்.

அரசு என்றாலே இலவசம் என்றும் இருந்துவிடக் கூடாது. கல்வி அங்கே மாநிலங்களின் பொறுப்பு. பெரும்பாலான மாநிலங்களில் நமக்கும் கல்விக் கட்டணம் கிடையாது, மாணவர் சேவைகளுக்கான செமஸ்டர் பங்களிப்பு மட்டும் கட்டினால் போதும். ஆனால் பாடன்-வுர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து மாஸ்டர்ஸுக்கு நம்மைப் போன்றவர்களிடம் செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ வாங்குகிறது. வேலை அனுபவம் உள்ளவர்களுக்கென்று நடத்தும் சில மாஸ்டர்ஸ் படிப்புகளுக்கு அரசுப் பல்கலையிலும் கட்டணம் உண்டு. அதனால் பாடப்பிரிவின் பக்கத்தையே திறந்து பாருங்கள்.

நம் படிப்பு ஆவணங்களைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழுக்குச் சீக்கிரமே விண்ணப்பித்துவிடுங்கள். பல பல்கலைகளுக்காக விண்ணப்பங்களை வாங்கிச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட்டில் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே செமஸ்டரில் அடுத்தடுத்தவற்றுக்கு 30 யூரோ.

நான் திணறியது வங்கியில்தான். அட்மிஷன் கடிதத்தைப் புரட்டிய மேலாளர், "ஃபீஸ் ஸ்ட்ரக்சர் எங்கம்மா?" என்றார். கல்விக் கட்டணமே இல்லை என்றேன். "அப்புறம் எதுக்கு லோன்?" அப்பா என் முகத்தைப் பார்த்தார். விசாவுக்கு, முன்கூட்டியே பணம் போட்டு முடக்கி வைக்கும் பிளாக்ட் அக்கவுன்ட்டில் ஓர் ஆண்டுச் செலவுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும், மாதம் 992 யூரோதான் எடுக்க முடியும் என்று விளக்கி, தூதரகத்தின் அறிவிப்பை அச்செடுத்துக் கொடுத்தேன். அதைக் கோப்பில் சேர்த்த பிறகுதான் வாழ்க்கைச் செலவு என்ற தலைப்பில் கடன் நகர்ந்தது. இலவசப் படிப்புக்கும் இவ்வளவு பணம் முன்னாலேயே வேண்டும் என்பதை வீட்டில் முதல் நாளே பேசிவிடுங்கள். அப்பாவுக்கு அது நிஜமாகவே அதிர்ச்சி.

சேர்ந்த பிறகு டாய்ச்லாண்ட்ஸ்டிப்பெண்டியம் என்ற உதவித்தொகையும் இருக்கிறது: மாதம் 300 யூரோ, பாதி அரசு, பாதி தனியார் நன்கொடை. எந்த நாட்டவரும் கேட்கலாம். என் பல்கலையில் விண்ணப்பம் திறந்ததும் நானும் போடப் போகிறேன்.