வரப்பை உடைக்கிற வேலை

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஆறேகாலுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது இட்டேரி (இரண்டு வேலிக்கு நடுவில் போகிற மாட்டுத் தடம்) முனையில் நாலே நாலு சைக்கிள்தான் நின்றன. நாங்கள் மலை சைக்கிள் ஓட்டுகிற குரூப், எங்கள் தடத்தை நாங்களே மண் வெட்டிச் சரி செய்துகொள்கிறோம். முந்தின நாள் ராத்திரி வாட்ஸாப் குரூப்பில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியவர்கள் பதினேழு பேர். இது எங்களுக்குப் புதுசில்லை. ரைடு என்றால் இருபத்தைந்து பேர் வந்துவிடுவார்கள், மம்முட்டி, அதான் மண்வெட்டி, என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டால் போதும், அத்தனை பேர் வீட்டிலும் அன்றைக்குத்தான் சீர், காதுகுத்து, கெடா விருந்து. பக்தர் கனவில் முருகன் சொல்கிற பொருளை வைக்கிற சிவன்மலைக் கோயில் உத்தரவுப் பெட்டியில் ஒரு மம்முட்டியை வைக்கச் சொல்லி யார் கனவிலாவது முருகன் வந்து சொன்னால்தான் இது மாறும் போல.

இடம் காங்கேயத்துக்கும் சென்னிமலைக்கும் நடுவில். ஊர் பெயரைச் சொல்லப் போவதில்லை, ஏன் என்று பிறகு சொல்கிறேன். நண்பனுடைய மாமா குடும்பத்துக்குச் சொந்தமான இரண்டு கொரங்காடு, அதை ஒட்டி ஒரு சின்னக் கரடு, அதாவது கல்லுக் குன்று, அங்கே போய்ச் சேர ஒரு இட்டேரி. எல்லாம் சேர்த்து எங்கள் ட்ரெயில், அதாவது சைக்கிள் தடம், நாலு கிலோமீட்டர்கூட வராது. வனத்துறையின் காப்புக்காட்டு எல்லைக்குள் ஒரு அடிகூட இல்லை, அதில் நாங்கள் ரொம்பக் கண்டிப்பு. அனுமதி இல்லாமல் அங்கே நுழைவதே குற்றம், மண்ணை வெட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இது பட்டா நிலம், மாமா வாயால் கொடுத்த அனுமதி, கூடவே மூன்று நிபந்தனை: வேலி வாசலில் இருக்கிற படலைச் சாத்த வேண்டும், வெள்வேல மரத்தில் கை வைக்கக் கூடாது, மாடு மேய்கிற பக்கம் அன்றைக்குப் போகக் கூடாது.

கொரங்காடு தெரியாத வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அது வருஷா வருஷம் உழுகிற காடு இல்லை, மேய்ச்சலுக்கென்றே விட்டு வைத்திருப்பது. சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே நிழலுக்கு வெள்வேலமரம். காங்கேயம் மாடு வளர்ந்தது இதில்தான். இட்டேரி என்பது இப்படி இரண்டு வேலிக்கு நடுவில் போகிற மாட்டுத் தடம், வண்டித் தடம். நிறைய இட்டேரிகள் இப்போது தார் ரோடாகிவிட்டன, இன்னும் கொஞ்சம் பக்கத்துக் காட்டோடு சேர்ந்து காணாமலே போய்விட்டன. மிச்சமிருப்பதில் காலை நேரம் சைக்கிளில் போனால் முன்னால் கௌதாரி ஓடும், மயில் நகராமல் நின்று முறைக்கும்.

முதல் வருஷம் நாங்கள் செய்த கூத்தைச் சொல்ல வேண்டும். யூட்யூபில் நாலு வீடியோ பார்த்துவிட்டு, கரட்டு உச்சியிலிருந்து நேர் கீழே ஒரு கோடு இழுத்து, அடியில் இரண்டு பெர்ம், அதாவது வளைவில் சாய்ந்து திரும்ப மண் மேடு, கட்டினோம். இரண்டு ஞாயிறில் வேலை முடிந்தது. இரண்டு மாசம் ஓட்டினோம், அப்படி ஒரு சந்தோஷம். அப்புறம் ஐப்பசி வந்தது. எங்கள் பக்கம் வருஷத்துக்கு அறுநூறு எழுநூறு மில்லிமீட்டர்தான் மழை, ஆனால் அதில் பாதிக்குப் பக்கம் ஐப்பசி கார்த்திகையில் வந்து கொட்டிவிட்டுப் போகும். ஒரே ராத்திரி மழை. காலையில் போய்ப் பார்த்தால் எங்கள் ட்ரெயில் இருந்த இடத்தில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு ஓடை, பெர்ம் இருந்த சுவடே இல்லை, கீழே புல் மேல் அத்தனை சரளையும் கொட்டிக் கிடக்கிறது. மாமா வந்தார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேலேயும் கீழேயும் பார்த்தார். திட்டவே இல்லை. “ஏந்தம்பி, இந்த மண்ணையெல்லாம் எப்ப மேல ஏத்தறீங்க?” என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலாம்.

அன்றைக்கு அந்தப் பக்கம் ஆடு ஓட்டிக்கொண்டு வந்த வயசான அப்பாருதான் வாயைத் திறந்து விஷயத்தைச் சொன்னார். “மாடு எங்கியாச்சும் நேரா மேல ஏறுமா கண்ணு? வளைஞ்சு வளைஞ்சுதான போகும். அந்தத் தடத்தையாச்சும் பாத்திருக்கலாமல்ல.” பார்த்தோம். கரட்டைச் சுற்றி மாடுகள் போட்ட தடம் எத்தனையோ வருஷமாக இருக்கிறது, ஒரு இடத்தில்கூட அறுக்கவில்லை.

பிறகுதான் ஒழுங்காகப் படித்தோம். அமெரிக்காவில் 1988-இல் தொடங்கிய இம்பா என்ற மலை சைக்கிள் சங்கம் சொல்வதும் அப்பாரு சொன்னதுதான், கூட எண்களைச் சேர்த்துச் சொல்கிறது. சரிவின் ஏற்றத்தில் பாதிக்கு மேல் தடத்தின் ஏற்றம் இருக்கக் கூடாது. கரடு பத்தடிக்கு மூன்றடி இறங்குகிறது என்றால் தடம் பத்தடிக்கு ஒன்றரை அடிக்குள்தான் இறங்கலாம், அதைத் தாண்டினால் தண்ணீர் தடத்தைக் குறுக்கே கடக்காமல் தடத்தோடேயே ஓட ஆரம்பித்துவிடும். மொத்தமாகச் சராசரி பார்த்தால் பத்தடிக்கு ஒரு அடி போதும். தடத்தின் மேற்பரப்பே பள்ளத்துப் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்க வேண்டும், நூற்றுக்கு ஐந்து, அதாவது மூன்றடி அகலத்துக்கு இரண்டு அங்குலம்கூட வேண்டாம். எங்களோடு வருகிற கொத்தனார் அண்ணன் ட்யூப் லெவலையும் ரசமட்டத்தையும் கொண்டு வந்து இதை ஒரே காலையில் எங்கள் மண்டையில் ஏற்றிவிட்டார். ஃபோனில் சரிவு அளக்கிற ஆப் வைத்துக்கொண்டு நின்றவர்கள் அதைப் பையில் போட்டுக்கொண்டோம்.

இதிலே பெரிய சங்கடம் ஒன்று இருக்கிறது. சைக்கிள் ஓட ஓட நடுத்தடம் அமுங்கும், டயர் தள்ளுகிற மண் பள்ளத்துப் பக்க ஓரத்தில் சேர்ந்து ஒரு குட்டி வரப்பு மாதிரி நிற்கும். நாலு விரல் உயரம் போதும், தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் தடத்துக்குள்ளேயே ஓடி, வேகம் பிடித்து, அறுத்துக்கொண்டு போய்விடும். இந்த வரப்பை உடைப்பதுதான் எங்கள் வேலையில் முக்கால்வாசி. ஆனால் எங்களில் பாதிப் பேர் தோட்டங்காட்டு வேலை பார்த்த குடும்பம். மம்முட்டியைக் கையில் கொடுத்தால் கை தானாக வரப்புப் போடும். தண்ணீர் ஓடுவதைப் பார்த்தால் மடையை அடைக்கச் சொல்லும். கிணறு ஆயிரம் அடி போர்வெல் ஆனதைக் கண்ணால் பார்த்த ஆட்கள், ஒரு சொட்டை வெளியே விடு என்றால் மனசு எப்படிக் கேட்கும்? பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிற நண்பர் ஒருவர் வாரத்தில் கிடைக்கிற ஒரே லீவை விட்டுவிட்டு வந்து, காலையிலிருந்து மத்தியானம் வரை குனிந்த தலை நிமிராமல் வேலை செய்தார். போய்ப் பார்த்தால் நாற்பது அடிக்கு ஓரம் பூராவும் வரப்பு, மம்முட்டியின் பின்பக்கத்தால் தட்டி மொழுகி, பார்க்கவே அவ்வளவு அழகு. யாரும் பேசவில்லை. அவர் எங்கள் முகத்தைப் பார்த்தார். பிறகு அவரே உடைத்தார். ஒரு வாரம் குரூப்பில் அவரிடமிருந்து குட்மார்னிங்கூட வரவில்லை.

அவரைச் சமாதானப்படுத்தியது நாங்கள் இல்லை, புல். முப்பது நாற்பது அடிக்கு ஒரு முறை தடம் லேசாக இறங்கி மறுபடி ஏறுகிற மாதிரி செய்து, அந்தத் தாழ்வில் தண்ணீரை வெளியே அனுப்பிவிடுகிறோம். இங்கிலீஷில் அதற்கு வேறு பெயர், நாங்கள் மடை என்றுதான் சொல்கிறோம். வெளியே போகிற தண்ணீர் ஒரே இடத்தில் விழுந்து குழி பறிக்காமல் இருக்க மாமா யோசனைப்படி வாயில் கற்களைப் பரப்பினோம். அடுத்த மழைக்கு அந்த ஒவ்வொரு மடைக்கும் கீழே கொழுக்கட்டைப் புல் விசிறி மாதிரி விரிந்து வந்தது. மாமாவின் மயிலைப் பசு இப்போது படல் திறந்ததும் நேராக மூன்றாவது மடைக்குத்தான் போகிறது.

கல் புரட்டுவதைப் பற்றிப் புதிதாக வருகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அடியில் விரலை விடக் கூடாது. கடப்பாரையால் நெம்பிக் கல்லை நம் பக்கம் சாய்க்க வேண்டும், அப்போது திறக்கிற வாய் எதிர்ப்பக்கம் பார்க்கும், உள்ளே இருப்பது அந்தப் பக்கம் போய்விடும். தேள் சாதாரணம். ஒரு தடவை சுருட்டை விரியன், செதிலோடு செதில் உரசி மரம் அறுக்கிற மாதிரி சத்தம் போட்டது. அரை மணி நேரம் வேலையை நிறுத்திவிட்டு, அது போன பிறகுதான் ஆரம்பித்தோம்.

நெருஞ்சி தனிக் கதை. எங்கள் குரூப்பில் ட்யூப்லெஸ் டயர், ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கிற சீலண்ட் என்று எல்லோரும் மாறியதற்கு இந்தக் காய்தான் காரணம். இது அமெரிக்காவிலும் உண்டு, இரண்டு கொம்போடு இருப்பதால் ஆட்டுத்தலை என்று பெயர். பாய்ஸி என்கிற ஊரில் சைக்கிள்காரர்கள் மூட்டை மூட்டையாகப் பிடுங்கி அதற்கென்றே திருவிழா நடத்தியிருக்கிறார்கள். அங்கே அது வந்தேறி, இங்கே பூர்வீகக் குடி. திருவிழா எல்லாம் இல்லை, மஞ்சள் பூ பூத்திருக்கும்போதே ஆணிவேரோடு பிடுங்கிச் சாக்கில் போடுகிறோம். காய் காய்ந்த பிறகு தொட்டால் நாமே விதைத்த மாதிரி ஆகிவிடும்.

ஊர் பெயரைச் சொல்லாததற்குக் காரணம் போன வருஷம். யாரோ ரூட்டை ஒரு ஆப்பில் ஏற்றிவிட, மழை விட்ட மறுநாள் அஞ்சாறு டர்ட் பைக் வந்து ஈர மண்ணை உழுதுவிட்டுப் போனது. அதுகூடப் பரவாயில்லை, படலைத் திறந்து போட்டுவிட்டுப் போனார்கள். இரண்டு மாடு பக்கத்துச் சோளக்காட்டுக்குள் இறங்கிவிட்டன. நாங்கள் செய்யாத தப்புக்கு நாங்கள்தான் போய்க் காசு கொடுத்து, நின்று கேட்டுக்கொண்டு வந்தோம். மாமா அதற்கப்புறமும் எங்களை உள்ளே விடுகிறார். வேலை முடிந்தால் அந்த வீட்டு அம்மிச்சி (பாட்டி) அரிசிம்பருப்புச் சோறும் நெய்யும் போடுகிறது. போன ஞாயிறு கடைசியில் ஏழு பேர் ஆனோம், சோறு பதினேழு பேருக்கு ஆக்கியிருந்தது. விடவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் இருபது நிமிஷம் நல்ல மழை. வேலையிலிருந்து நேராக வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டேன், மழையில் பார்த்தால்தான் தண்ணீர் என்ன செய்கிறது என்று தெரியும். முதல் மடை, இரண்டாவது, மூன்றாவது எல்லாம் செந்தண்ணீர் வந்து திரும்பிப் புல்லுக்குள் போனது. நாலாவது மடை வாயில் ஆட்டுப் புழுக்கையும் சருகும் முள்குச்சியும் சேர்ந்து அடைத்து, தண்ணீர் மேலேறி ஹேர்பின் வளைவைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. கையில் ஒன்றும் இல்லை. குதிகாலால் உதைத்து உதைத்துத் திறந்தேன். திறந்தது. செருப்பும் கூடவே போனது.

வர்ற ஞாயிறு ஆறு மணிக்கு அந்த நாலாவது மடையில் இருப்பேன். மம்முட்டி நாலு இருக்கிறது, ஒன்றுக்குப் பிடி ஆடும். கீழே புல்லுக்குள் செருப்பைப் பார்த்தால் எடுத்து வைக்கவும், இடது கால், ஊதா வார்.