மேலே கல் மாதிரி ஐஸ், கீழே வெதுவெதுப்பு: எங்கள் ஃபிரிட்ஜில் இருந்த கோளாறு

அம்மாவின் இன்சுலின் ஃபிரிட்ஜ் கதவுத் தட்டில்தான் இருக்கும். ஒரு நாள் காலையில் அதைக் கையில் எடுத்தவர், "இது சில்லென்றே இல்லையே" என்றார். பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டியது. எத்தனை நாளாக அப்படி இருந்தது என்று சொல்ல வழியில்லை. அதனால் டாக்டரிடம் கேட்டு, புதிதாக வாங்கி, பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன். அப்புறம்தான் எங்கள் ஃபிரிட்ஜ் பக்கம் திரும்பினேன்.

மேலே ஃப்ரீசரைத் திறந்தால் ஐஸ் கல் மாதிரி இருக்கிறது. கீழே கை வைத்தால் குளிர்ச்சியே இல்லை. கையை நம்பாமல் ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டில் ராத்திரி முழுக்க வைத்தேன். கதவைத் திறந்து மூடினால் காற்றின் வெப்பநிலை சட்டென்று மாறிவிடும், தண்ணீர் அப்படி மாறாது. காலையில் பார்த்தால் 12 டிகிரி. அங்கே 4 டிகிரி இருக்க வேண்டும்.

மெக்கானிக் ஒருவர் வந்தார். பின்பக்கம் கை வைத்துப் பார்த்துவிட்டு, "கேஸ் போயிடுச்சு, ஏத்தணும்" என்றார். எதையும் கழற்றவில்லை, எதையும் அளக்கவில்லை. எனக்கு மனசு ஒப்பவில்லை. ஃபிரிட்ஜில் கேஸ் என்பது அடைத்த குழாய்க்குள் சுற்றி வருவது. வண்டிக்குப் பெட்ரோல் போல ஓட ஓடக் குறைவதில்லை. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். அதை அடைக்காமல் ஏற்றினால் மறுபடியும் போய்விடும். யோசித்துச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டேன்.

எங்கள் வீட்டில் இருப்பது தானாகப் பனி கரைக்கும் இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ். இந்த வகையில் பலவற்றிலும் குளிர் உண்டாவது ஒரே இடத்தில்தான்: ஃப்ரீசரின் பின்சுவருக்குள் மறைந்திருக்கும் காயிலில், அதாவது கேஸ் சுற்றி வரும் வளைந்த குழாயில். அங்கிருந்து ஒரு சின்ன ஃபேன் குளிர்ந்த காற்றைக் கீழ் அறைக்குத் தள்ளும். மேலே உறைந்து கீழே குளிரவில்லை என்றால், குளிர் உண்டாகிறது, ஆனால் கீழே வந்து சேரவில்லை என்றே முதலில் நினைக்க வேண்டும். ஃபேன் நின்றிருக்கலாம், காற்று போகும் வழியில் உள்ள தடுப்பு மாட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது காயிலே பனியால் மூடிப்போயிருக்கலாம்.

கதவைத் திறந்தால் ஃபேன் நின்றுவிடும். அதனால் கதவுச் சுவிட்சை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு காதைக் கொடுத்துக் கேட்டேன். ஃபேன் ஓடியது, கூடவே எதையோ சுரண்டுவது போல ஒரு சத்தம். ஃபேன் இறக்கை பனியில் உரசும் சத்தம் அது.

பிளக்கைப் பிடுங்கி, உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டு, இரண்டு கதவையும் திறந்தபடி ஒரு நாள் முழுக்க விட்டேன். கீழே விரித்த துண்டை நான்கு முறை பிழிந்தேன். மறுநாள் போட்டதும் ஃபிரிட்ஜ் புதிது போல வேலை செய்தது, கீழே 4 டிகிரி. ஆனால் எட்டாம் நாள் மறுபடியும் 9 ஆகிவிட்டது. பலரும் பனியைக் கரைத்ததும் சரியாகிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். பனி நோயல்ல, நோயின் அடையாளம். திரும்பவும் பனி கட்டியதால், அதைத் தினமும் கரைக்க வேண்டிய பாகம் வேலை செய்யவில்லை என்பது உறுதியானது.

இந்த முறை பிளக்கைப் பிடுங்கிய பின் ஃப்ரீசரின் பின்பலகையில் இருந்த நான்கு திருகுகளைக் கழற்றினேன். பின்னால் காயில் என்று ஒன்று தெரியவே இல்லை. வெள்ளைச் செங்கல் ஒன்றை நிறுத்தி வைத்தது போல மேலிருந்து கீழ் வரை ஒரே சீராகப் பனி. அந்த ஒரே சீர்தான் எனக்கு நிம்மதி தந்தது. கேஸ் குறைந்திருந்தால் பெரும்பாலும் காயிலின் ஒரு பகுதியில் மட்டும் பனி பிடித்து மீதி வெறுமையாக இருக்கும். பனியைக் கத்தியாலோ ஸ்க்ரூடிரைவராலோ குத்திவிடாதீர்கள். காயில் பெரும்பாலும் அலுமினியம், ஒரு சின்னத் துளை விழுந்தால் உண்மையிலேயே கேஸ் போய்விடும். இப்போதைய ஃபிரிட்ஜ் பலவற்றில் இருக்கும் ஆர்600ஏ என்ற கேஸ் தீப்பிடிக்கும் வாயு வேறு. காத்திருந்து கரைய விட்டேன்.

பனி போனதும் காயிலுக்கு அடியில் கண்ணாடிக் குழாய்க்குள் ஹீட்டர் தெரிந்தது. கம்ப்ரசர் குறிப்பிட்ட மணி நேரம் ஓடியதும் டைமர் அதை நிறுத்தி, இந்த ஹீட்டருக்கு மின்சாரம் கொடுக்கும். அதே பாதையில் வரிசையாக இன்னும் இரண்டு பொருள்கள்: சூடு மிஞ்சினால் அறுந்துவிடும் ஒரு தெர்மல் ஃபியூஸ், காயிலின் மேல்குழாயில் கவ்வியிருக்கும் பொத்தான் போன்ற பைமெட்டல் சுவிட்ச். மூன்றில் எது அறுந்தாலும் பனி கரையாது.

மல்டிமீட்டரை எடுத்தேன். ஹீட்டரில் 350 ஓம். 230 வோல்ட்டில் அது ஏறக்குறைய 150 வாட், சரியான கணக்கு. பைமெட்டலில் வைத்தேன், "பீப்" என்றது, அதாவது மின்சாரம் போக வழி இருக்கிறது. நல்லது என்று நினைத்தேன். ஃபியூஸில் வைத்தேன், சத்தமே இல்லை, அறுந்திருந்தது. சரி, ஃபியூஸை மட்டும் மாற்றினால் போதும் என்று பலகையை மூடப் போனவன் அப்படியே நின்றேன். ஃபியூஸ் ஏன் அறுந்தது?

இந்த இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள் என்று நினைக்கிறேன். நானும் தவறியிருப்பேன். பைமெட்டல் கடுங்குளிரில் மூடிக்கொண்டு மின்சாரத்தை விடும். பனி கரைந்து காயில் சூடானதும் திறந்து ஹீட்டரை நிறுத்தும். அறை வெப்பத்தில் அது திறந்திருக்க வேண்டும், மீட்டர் பேசாமல் இருப்பதுதான் சரி. என் கையில் இருந்தது அறைச் சூட்டிலும் "பீப்" என்றது. அதாவது மூடியபடியே மாட்டிக்கொண்டுவிட்டது. பனி கரைந்த பிறகும் ஹீட்டர் அணையாமல் எரிந்திருக்கிறது, அந்தச் சூட்டில் ஃபியூஸ் தன்னைப் பலி கொடுத்து உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கைக் காப்பாற்றியிருக்கிறது. ஃபியூஸை மட்டும் மாற்றியிருந்தால் புதியதும் அறுந்திருக்கும். ஃபியூஸை எடுத்துவிட்டு ஒயரை நேராக முறுக்கிவிடும் ஆட்களும் உண்டு. அது தீயை வீட்டுக்குள் அழைப்பது, தயவுசெய்து செய்யாதீர்கள்.

இரண்டையும் சேர்த்தே வாங்கினேன், பழையதன் மேல் அச்சிட்டிருந்த டிகிரி எண்களை ஒத்துப் பார்த்து. மாட்டுவதற்கு முன் புதிய பைமெட்டலை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, ஐஸும் உப்பும் கலந்த கிண்ணத்தில் அமிழ்த்தினேன். வெறும் ஐஸின் குளிர் போதாது, உப்பு சேர்ந்தால்தான் பூஜ்ஜியத்துக்கு வெகு கீழே இறங்கும். சில நிமிடங்களில் மெல்லிய "டிக்", உடனே மீட்டரில் "பீப்". வெளியே எடுத்துக் கைக்குள் வைத்திருந்தேன், இன்னொரு "டிக்", மீட்டர் அடங்கியது. மனசு நிறைந்துபோன நிமிடம் அது.

ஒயர் இணைப்புகளில் ஈரம் புகாதபடி மூடினேன். காயிலுக்கு அடியில் தண்ணீர் இறங்கும் துளை அழுக்கால் அடைத்திருந்தது, வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றித் திறந்துவிட்டேன். காய்கறிப் பெட்டிக்கு அடியில் அடிக்கடி தண்ணீர் தேங்கினால் முதலில் பார்க்க வேண்டியது இந்தத் துளையைத்தான். கையோடு கதவு ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன், பிடிப்பு நன்றாகவே இருந்தது.

பலகையை மூடி, ஃபிரிட்ஜை ஒரு நாள் முழுக்க ஓட விட்டேன். பிறகு பிளக்கைப் பிடுங்கி, டைமரின் திருகை ஸ்க்ரூடிரைவரால் மெதுவாகத் திருப்பினேன். "டக்" என்று அது பனி கரைக்கும் நிலைக்குப் போனதும் மறுபடி பிளக்கைச் சொருகினேன். கம்ப்ரசர் ஓடவில்லை, வீடு அமைதியாக இருந்தது. சில நிமிடம் கழித்து ஃபிரிட்ஜுக்குப் பின்னால், கம்ப்ரசருக்கு மேலே இருக்கும் தட்டில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. உள்ளே ஹீட்டர் பனியைக் கரைத்துக்கொண்டிருந்தது.

மூன்று வாரம் தினமும் தெர்மாமீட்டரைப் பார்த்து எழுதி வைத்தேன். 4, 4, 3, 4 என்றே போனது. அதன் பிறகுதான் பக்கத்து வீட்டுக்குப் போய் இன்சுலினை வாங்கி வந்தேன். அம்மா அதைக் கதவுத் தட்டில் வைக்கப் போனார். கதவில் வேண்டாம், திறக்கும்போதெல்லாம் அங்கேதான் முதலில் சூடு ஏறும் என்று சொல்லி, நடுத்தட்டில், பின்சுவரைத் தொடாமல் வைக்கச் சொன்னேன்.