நிலக்கரிக்குள் இருக்கும் மீத்தேன்: கார்பன் எண் மட்டும் போதாது

மீத்தேன் என்ற சொல் தமிழ்நாட்டில் பாடப்புத்தகங்களைவிட மன்னார்குடிப் பக்கத்துப் போராட்டப் பந்தல்களில்தான் அதிகம் ஒலித்திருக்கிறது. அந்தத் திட்டத்தின் நன்மை தீமைகளுக்குள் நான் இங்கே போகவில்லை. சென்னையில் புவிவேதியியல் படிக்கும் மாணவர்கள் அவ்வப்போது கேட்கும் ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: நிலக்கரிப் படுகையிலிருந்து வரும் மீத்தேனை நுண்ணுயிரிகள் உண்டாக்கினவா, நிலத்தடி வெப்பம் உண்டாக்கியதா என்று எப்படி அறிவது? கார்பன் ஐசோடோப்பை, அதாவது எடை மாறுபட்ட கார்பன் அணுவகைகளின் விகிதத்தை, அளந்தால் தெரிந்துவிடும் என்பது வழக்கமான பதில். அது பாதிப் பதில்தான் என்பது என் கருத்து.

இயற்கையில் உள்ள கார்பனில் ஏறத்தாழ 98.9 சதவீதம் கார்பன் 12, எஞ்சிய 1.1 சதவீதம் கார்பன் 13. கார்பன் 12 பங்கேற்கும் பிணைப்பு சற்று எளிதாக அறுபடும் என்பதால், குளிர்ந்த படுகையில் நொதிகளின் துணையோடு மீத்தேன் ஆக்கும் ஆர்க்கியா வகை நுண்ணுயிரிகள் இலேசான கார்பனையே கூடுதலாக எடுத்துக்கொள்கின்றன. 100 பாகை செல்சியசைத் தாண்டிய வெப்பத்தில் நிலக்கரியின் பெரிய மூலக்கூறுகள் சிதைந்து மீத்தேன் பிறக்கும்போது இந்தப் பாகுபாடு மிகவும் குறைந்துவிடுகிறது. தென் கரோலினாவின் பெலெம்னைட் புதைபடிவத்தை அடிப்படையாகக் கொண்ட சர்வதேச அளவுகோலில், ஆயிரத்திற்கு எத்தனை பங்கு என்ற கணக்கில் இந்த வேறுபாட்டைக் குறிக்கிறோம்; எண் எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு இலேசான கார்பன் என்று பொருள். அந்த அளவுகோலில் நிலக்கரி −25 அருகே நிற்கும். வெப்பத்தால் உருவான மீத்தேன் பெரும்பாலும் −50 முதல் −20 வரை. நுண்ணுயிரி மீத்தேன் −50க்குக் கீழே −110 வரைகூடச் செல்லும்.

எல்லைக்கோடு இவ்வளவு தெளிவாகத் தெரிவதில்தான் சிக்கலே இருக்கிறது. −70 மதிப்புள்ள நுண்ணுயிரி வாயுவும் −40 மதிப்புள்ள வெப்ப வாயுவும் சரிபாதியாகக் கலந்தால் கருவி −55 என்று காட்டும். அசிட்டேட்டை (அசிட்டிக் அமிலத்தின் உப்பை) உடைத்து வாழும் நுண்ணுயிரிகள் தனியாக ஆக்கிய வாயுவும் அதே −55ஐக் காட்டலாம். இது ஏட்டளவிலான கவலை அன்று. அமெரிக்காவின் சான் ஹுவான் படுகையில் உள்ள ஃப்ரூட்லேண்ட் நிலக்கரியில் முதலில் வெப்பத்தால் வாயு உண்டாகி, பின்னர் நிலம் உயர்ந்து ஓரங்கள் வெளிப்பட்டபோது மழைநீர் உள்ளே புகுந்து, அதனோடு வந்த நுண்ணுயிரிகள் இரண்டாம் முறையாக வாயு ஆக்கியதாகவே ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். இதற்கு மேல், மீத்தேனைத் தின்னும் பாக்டீரியாக்கள் இலேசானதை முதலில் தின்று கனமானதை மிச்சம் வைப்பதால், அசல் நுண்ணுயிரி வாயுவேகூட வெப்ப வாயுவின் வேடத்தில் நிற்க நேரிடும்.

மாதிரி எடுப்பதிலும் கவனம் வேண்டும். துளைத்தெடுத்த நிலக்கரித் தண்டைக் கலனில் அடைத்து வாயுவைச் சேகரிக்கும்போது, முதலில் வெளிவருவது இலேசாகவும் பின்னால் வருவது கனமாகவும் இருக்கும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஹைட்ரஜன் உதவும், ஆனால் அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. நுண்ணுயிரிகள் கார்பன் டை ஆக்சைடை ஹைட்ரஜனோடு சேர்த்து (ஒடுக்கி) உண்டாக்கும் மீத்தேன், தன் ஹைட்ரஜன் முழுவதையும் படுகை நீரிலிருந்தே பெறுகிறது. அதன் டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) மதிப்பு, இதே ஆயிரத்திற்கு என்ற கணக்கில், நீரின் மதிப்பைவிட ஏறத்தாழ 160 குறைவாக இருக்கும். அசிட்டேட் வழியிலோ, நான்கில் மூன்று ஹைட்ரஜன் அசிட்டேட்டிலுள்ள மெத்தில் தொகுதியிலிருந்து (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் கொண்ட பகுதியிலிருந்து) வருவதால் மதிப்பு −250க்குக் கீழே இறங்கிவிடும். பள்ளிக்கரணை போன்ற நன்னீர்ச் சதுப்புகளின் சேற்றுக் குமிழிகளில் இந்த இரண்டாம் வகையையே பெரிதும் எதிர்பார்க்கலாம். ஆனால் நீரை அளக்காமல் வாயுவை மட்டும் அளந்தால் ஏமாந்துபோவோம். நம் பக்கத்து மழைநீரைப் போல −30 அளவில் உள்ள நீரிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வழி மீத்தேன் −190 அருகே பிறக்கும்; உறைபனிப் பகுதிகளில் காணும் −140 அளவிலான நீரிலிருந்து அதே வழியில் பிறந்தது −300ஐ எட்டி, அசிட்டேட் வகை போலவே தோன்றும். உலகத்திற்கெல்லாம் பொதுவாக வரைந்த வகைப்பாட்டுப் படங்களில் புள்ளியை வைத்துவிட்டுத் தீர்ப்பு எழுதும் பழக்கத்தை நான் ஏற்காததற்கு இதுவே முதற்காரணம்.

நிலக்கரியைப் பொறுத்தவரை நான் அதிகம் நம்பும் சாட்சி, மீத்தேனோடு சேர்ந்து வரும் கார்பன் டை ஆக்சைடும் படுகை நீரில் கரைந்துள்ள கார்பனும்தான். நுண்ணுயிரிகள் இலேசான கார்பனை மீத்தேனுக்குள் கொண்டுபோகப் போக, மிஞ்சுவது கனமாகிக்கொண்டே வரும். சாதாரண நிலத்தடி நீரில் கரைந்த கார்பன் எதிர்மறை மதிப்போடு இருக்க, மீத்தேன் ஆக்கம் நன்கு நடந்த நிலக்கரி நீரில் அது +10ஐயும் தாண்டும். வயோமிங், மொன்டானா மாநிலங்களில் பரவிய பவுடர் ரிவர் படுகையின் நீரில் இத்தகைய மதிப்புகள் பதிவாகியுள்ளன. வெப்பச் சிதைவு மட்டும் நடந்த படுகையில் இப்படி நேர்வதற்குக் காரணமில்லை.

மீத்தேனைவிடச் சற்றுப் பெரிய மூலக்கூறு கொண்ட ஈத்தேன் வாயுவையும் பார்க்க வேண்டும். நுண்ணுயிரிகள் அதை மிகச் சொற்பமாகவே ஆக்குவதால், மீத்தேனுக்கும் ஈத்தேன், புரொப்பேன் கூட்டுத்தொகைக்கும் உள்ள விகிதம் 1000ஐத் தாண்டினால் நுண்ணுயிரி என்றும், 100க்குக் கீழே என்றால் வெப்பம் என்றும் கொள்வது வழக்கம். ஆயினும் மிகுந்த வெப்பம் கண்ட உயர்தர நிலக்கரியில் ஈத்தேனும் சிதைந்துவிடும். அந்த வாயுவும் வறண்டுதான், அதாவது ஈத்தேன், புரொப்பேன் மிகக் குறைந்துதான், இருக்கும். வறண்ட வாயு −30 காட்டினால் அது பெரும்பாலும் வெப்ப வாயுதான்; −55 காட்டும்போதுதான் யோசிக்க வேண்டும்.

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி போன்ற, வெப்பம் அதிகம் காணாத இளம் படுகைகளில் கணிசமான வெப்ப வாயு உருவாகியிருக்க வாய்ப்பில்லை. பெர்மியன் காலத்து ஜாரியா, ராணிகஞ்ச் நிலக்கரிகளின் கதை வேறு: அவை வெப்பத்தால் முதிர்ந்தவை; அங்கே பிற்கால நுண்ணுயிரி வாயு எவ்வளவு கலந்திருக்கிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

அண்மைக்காலத்தில், ஒரே மூலக்கூறில் கார்பன் 13உம் டியூட்டீரியமும் சேர்ந்திருக்கும் அளவைக் கொண்டு மீத்தேன் உருவான வெப்பநிலையையே கணிக்க முடிகிறது. ஆனால் நுண்ணுயிரிகள் விரைவாக ஆக்கிய மீத்தேன் வெப்பச் சமநிலையை எட்டியிருக்காது. அந்த நிலையில் கணக்கு உண்மையைவிட மிக அதிகமான வெப்பநிலையைத் தந்துவிடும். ஆகவே அந்த எண்ணையும் படுகை நீரின் மதிப்போடு சேர்த்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது.