கிணற்றடியில் படித்த வலு

1993 இல் நாங்கள் உயர்தரம் படித்தோம். யாழ்ப்பாணத்தில் கரண்ட் போய் மூன்று வருடம். மண்ணெண்ணெய்யும் லேசில் கிடைக்காது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அதில் ஊறிய எண்ணெய்யில் திரி எரித்துத்தான் கணக்குச் செய்தோம். புத்தகத்திலோ பக்கத்துக்குப் பக்கம் மின்மோட்டர் பாரம் தூக்கும்.

அப்படி ஒரு கணக்கு. 2000 உவாற்று மோட்டர் 40 கிலோகிராம் பாரத்தைச் சீரான வேகத்தில் தூக்குகிறது, வேகம் என்ன? நான் 2000 ஐ 40 ஆல் பிரித்து, செக்கனுக்கு 50 மீற்றர் என்று எழுதினேன். பௌதிக சேர் கொப்பியை வாங்கிப் பார்த்தார்.

"தம்பி, இது மணிக்கு 180 கிலோமீற்றர். இந்த வேகத்தில ஒரு பாரம் மேல போறதை நீர் கண்டிருக்கிறீரோ?"

வலு என்பது விசையை வேகத்தால் பெருக்கி வருவது; வேகம் வேண்டுமென்றால் வலுவை விசையால் பிரிக்க வேண்டும். நான் திணிவால் பிரித்திருந்தேன். கிலோவுக்குக் கிட்டத்தட்ட 10 நியூற்றன் என்று எடுத்தால், 40 கிலோவின் நிறை 400 நியூற்றன். விடை செக்கனுக்கு 5 மீற்றர். சேர் அதோடு விடவில்லை. வகுப்பு முழுவதையும் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார்.

கப்பியில் வாளி. தண்ணீரோடு 12 கிலோ, அதாவது 120 நியூற்றன். நீர்மட்டத்திலிருந்து கட்டு வரை 6 மீற்றர். எங்களில் பலசாலியான ஒருவன் இழுக்க, சேர் மணிக்கூட்டைப் பார்த்தார். 10 செக்கன். வேகம் 0.6 மீற்றர், அவனுடைய வலு 72 உவாற்று. பிறகு 20 கிலோ வரும் பெரிய வாளியைக் கட்டினார். "இழுக்க முதல் வேகத்தைச் சொல்லுங்கோ." 72 ஐ 200 ஆல் பிரித்தோம்: 0.36 மீற்றர், 17 செக்கனுக்குக் கிட்ட. இழுத்தபோது 19 ஆனது. கயிறு அவன் உள்ளங்கையில் சிவப்பாகத் தடம் போட்டிருந்தது. அந்த 2 செக்கன் எங்கே போனது என்று கேட்டுவிட்டு, கப்பியின் உராய்வையும் அவனுடைய களைப்பையும் எங்கள் வாயாலேயே சொல்ல வைத்தார்.

அப்புறம் துலாவைப் பற்றி, அதாவது தூணில் ஏறி இறங்கும் நீண்ட மரத்தின் நுனியில் வாளியைக் கட்டித் தண்ணீர் அள்ளும் ஏற்றத்தைப் பற்றிப் பேசினார். துலாவின் அடியில் ஏன் கல் கட்டுகிறோம்? பாரத்தில் ஒரு பங்கைக் கல் தூக்கிவிடும். இழுப்பவருக்கு மிஞ்சுவது சிறிய விசை; அதே வலுவில் வாளி விரைவாக மேலே வரும். ஆனால் வெறும் வாளியை இறக்கும்போது, அந்தக் கல்லையே நாம் தூக்க வேண்டியிருக்கும். "சூத்திரம் ஆருக்கும் தெரியும். விசை எது எண்டு கண்டுபிடிக்கிறதுதான் கணக்கு" என்றார். இன்றும் ஒரு கணக்கைக் கையில் எடுத்தால் முதலில் அதைத்தான் தேடுகிறேன்.

ரொறன்ரோவில் மகளோடு சீ.என். கோபுரத்தில் ஏறினேன். 346 மீற்றர், 58 செக்கன். செக்கனுக்குக் கிட்டத்தட்ட 6 மீற்றர். பதினோராம் வகுப்பில் பௌதிகம் படிக்கிற பிள்ளை, கீழே இறங்கியதும், "1000 கிலோ ஆட்களை ஏற்ற எவ்வளவு வலு வேணும், அப்பா?" என்று கேட்டாள். 10,000 நியூற்றனை 6 ஆல் பெருக்கி, 60 கிலோஉவாற்று என்று தானே விடையும் சொன்னாள். பெட்டியின் பாரத்தை அவள் சேர்க்கவில்லை. கயிற்றில் ஓடும் லிப்டுகளில் பொதுவாக மறுபக்கம் ஒரு எதிர்ப்பாரம் தொங்கும். பெட்டியின் பாரம் முழுவதையும், ஏற்றும் ஆட்களின் பாரத்தில் பாதி வரையும் அது தாங்கிவிடும். அப்படிப் பார்த்தால் மோட்டருக்கு மிஞ்சுவது 5000 நியூற்றன். உராய்வை விட்டால் 30 கிலோஉவாற்று போதும்.

அவளுக்கு விளங்கவில்லை. ரிக்கெற்றின் பின்பக்கத்தில் ஒரு துலாவைக் கீறி, அடியில் கல்லையும் கட்டிக் காட்டினேன்.

"இது எங்கே இருக்கு, அப்பா?"

சேரின் கிணற்றடியைப் பற்றி அன்றைக்குத்தான் அவளுக்கு முதன்முதலாகச் சொன்னேன்.