போனில் கேட்பதை மெயிலில் எழுதுகிறேன்

விளம்பர மெயில் எழுதித் தரச் சொல்லி வருபவர்கள் முதலில் அனுப்பிவைப்பது லோகோவும் பழைய நோட்டீசும்தான். நான் கேட்பது வேறு. "உங்கள் கடையில் போன் எடுப்பது யார்? அவரிடம் அரை மணி நேரம் பேசலாமா?"

ஈரோடு பக்கம் மரச்செக்கு எண்ணெய் ஆட்டி விற்கும் ஒருவருக்கு எழுதுகிறேன். வெப்சைட்டில் ஆர்டர் எடுத்து கூரியரில் அனுப்புகிறார். அவர் அதுவரை அனுப்பிக்கொண்டிருந்த மெயிலின் தலைப்பு: "பாரம்பரியத்தின் சுவை, ஆரோக்கியத்தின் ஆதாரம்!" இதை எண்ணெய்க்கு வைக்கலாம், அரிசிக்கு வைக்கலாம், ஊறுகாய்க்கும் வைக்கலாம். கோளாறே அதுதான்.

அங்கே போன் எடுக்கும் அக்காவிடம் பேசினேன். "மார்கழி வந்தா ஒரே போன்தாங்க. தேங்காண்ணெய் கட்டியாயிருச்சு, மெழுகு கலந்துட்டீங்களான்னு சண்டைக்கு வர்றாங்க" என்றார். அப்புறம் கடலை எண்ணெயின் அடியில் கசடு நிற்கிறதே என்ற கேள்வி, அது வருஷம் பூராவும் வருமாம். எனக்கு இரண்டு மெயிலுக்கு விஷயம் கிடைத்துவிட்டது.

முதல் மெயிலின் தலைப்பு, "தேங்காய் எண்ணெய் உறைந்துவிட்டதா?" உள்ளே இருந்தது இவ்வளவுதான்:

"வணக்கம். குளிர் வந்துவிட்டது. பாட்டிலில் எண்ணெய் கட்டியாக இருந்தால் பயப்பட வேண்டாம். சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனாலே தேங்காய் எண்ணெய் உறைய ஆரம்பிக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலைக் கொஞ்ச நேரம் நிறுத்திவையுங்கள், இளகிவிடும். தீரும் நிலையில் இருந்தால் இங்கே ஆர்டர் செய்யலாம்."

"என்னங்க, ஆஃபரே போடலையே?" என்றார் முதலாளி. கூடவே, 'உறைந்தால்தான் சுத்தமான எண்ணெய்' என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். அதற்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. குளிரில் பாமாயிலும்தான் உறைகிறது. உறைவது கலப்படம் இல்லை என்று சொல்லலாம், சுத்தத்துக்கு அத்தாட்சி என்று சொல்ல முடியாது. மெயில் போன அன்றே சில பேர் நன்றி சொல்லிப் பதில் போட்டார்கள், சில பேர் ஆர்டரும் போட்டார்கள். வியாபார மெயிலுக்கு நன்றி வருவது அபூர்வம்.

தலைப்புக்குப் பக்கத்தில், இன்பாக்ஸிலேயே, மெயிலின் முதல் வரி மங்கலாகத் தெரியும். பல கடைகள் அந்த இடத்தை 'இந்த மெயிலை பிரவுசரில் பார்க்க இங்கே சொடுக்கவும்' என்ற வரிக்கு விட்டுவிடுகின்றன. காசு கொடுக்காமல் கிடைக்கிற இடம் அது. மேலே சொன்ன மெயிலுக்கு அங்கே 'பயப்பட வேண்டாம், இளக்குவது சுலபம்' என்று வைத்தேன். கேள்வி தலைப்பில் இருந்தால் பதிலின் ஒரு நுனி அங்கே இருக்க வேண்டும் என்பது என் வழக்கம்.

பெயர் சொல்லி அழைத்தால் நெருக்கம் கூடும் என்று மார்க்கெட்டிங் வகுப்புகளில் சொல்லித் தருகிறார்கள். நம் ஊர் வாடிக்கையாளர்களின் மெயில் லிஸ்டைத் திறந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். 'முதல் பெயர்' கட்டத்தில் பாதிப் பேர் இனிஷியலைப் போட்டிருப்பார்கள். "வணக்கம் எஸ்!" என்று மெயில் போகும். சிலர் அப்பா பெயரை அங்கே எழுதியிருப்பார்கள், மகளுக்குப் போகும் மெயிலில் அப்பாவுக்கு வணக்கம் சொல்லியிருக்கும். அதனால் நான் வெறும் "வணக்கம்" போடுகிறேன். பெயர் வேண்டுமே வேண்டும் என்றால், ஃபார்மில் 'உங்களை எப்படி அழைக்கலாம்?' என்று ஒரு கட்டம் வைக்கச் சொல்கிறேன்.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஜிமெயில் 102 கிலோபைட் அளவுக்கு மேல் போகும் மெயிலை நடுவில் வெட்டிவிட்டு, மீதியைப் பார்க்க ஒரு லிங்க் வைக்கும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட் போதும். 'க' 3 பைட், 'கொ' 6 பைட். எழுத்து மட்டும் இவ்வளவு பெருக்காது, ரெடிமேட் டெம்ப்ளேட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் தேவையில்லாத கம்ப்யூட்டர் கோட் (code) தான் பெரும்பகுதி. ஆனால் இரண்டும் சேர்ந்தால் வெட்டு விழும். வெட்டு விழுந்தால் மறைவது கடைசியில் இருக்கும் அன்சப்ஸ்கிரைப் லிங்க், அதாவது இனி மெயில் வேண்டாம் என்று விலகும் வழி. அது கண்ணில் படாதவர் என்ன செய்வார்? ஸ்பேம் பட்டனை அமுக்குவார்.

அந்தப் பட்டன் இப்போது விளையாட்டில்லை. 2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரே நாளில் 5,000க்கு மேல் அனுப்புகிறவர்கள் ஸ்பேம் புகாரை 0.3 சதவீதத்துக்குள் வைத்திருக்க வேண்டும் என்று கூகுள் விதி வைத்துவிட்டது. ஆயிரத்துக்கு மூன்று பேர், அவ்வளவுதான். ஒரே க்ளிக்கில் விலகும் வசதியும் கட்டாயம். சின்ன லிஸ்ட் வைத்திருப்பவர்களுக்கும் இதையே நான் சொல்கிறேன். போகிறவரைப் போக விடுங்கள், வழியை மறைக்காதீர்கள்.

ஓப்பன் ரேட், அதாவது மெயிலைத் திறந்தவர்கள் எத்தனை சதவீதம் என்று எல்லா வாடிக்கையாளரும் கேட்பார்கள். 2021 செப்டம்பரில் ஆப்பிள் தன் மெயில் ஆப்பில் ஒரு புது வசதி சேர்த்தது. அந்த வசதியை வைத்திருப்பவருக்கு, அவர் திறக்காவிட்டாலும் மெயிலில் உள்ள படங்கள் பின்னணியிலேயே இறங்கிவிடும். ஓப்பன் கணக்கு எடுப்பதே கண்ணுக்குத் தெரியாத ஒரு குட்டிப் படத்தை வைத்துத்தான் என்பதால், படிக்காதவரும் படித்தவர் கணக்கில் சேர்ந்துவிடுகிறார். க்ளிக் எத்தனை, ஆர்டர் எத்தனை, பதில் எத்தனை, இவை போதும் எனக்கு.

வாட்ஸ்அப் இருக்கும்போது மெயில் எதற்கு என்பார்கள். உள்ளூர்க்காரருக்கு வாட்ஸ்அப்தான் சரி, நானே சொல்லிவிடுவேன். பெங்களூரிலும் மும்பையிலும் ஆபீஸில் உட்கார்ந்து ஆர்டர் போடுகிறவருக்கு மெயில் வேலை செய்கிறது.

இப்போது தீபாவளி மெயில் எழுதும் வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. நல்லெண்ணெய். முதலாளிக்கு விளக்கு, மத்தாப்பு, வாழ்த்து எல்லாம் வேண்டும். பண்டிகையன்று வாழ்த்து மெயில் வந்து குவியும், அதற்குள் எண்ணெய்க் குளியலே முடிந்திருக்கும். இரண்டு வாரம் முன்னாலேயே அனுப்பலாம் என்றேன். தலைப்பு பாதி தயார்: 'தீபாவளிக்கு முன் நல்லெண்ணெய் வந்து சேர, கடைசி நாள்...' அந்த நாள் எது என்பது ஊருக்கு ஊர் மாறும். கூரியர்காரரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று போன முதலாளி இன்னும் சொல்லவில்லை. நாளைக்குக் காலையில் அந்த அக்காவுக்கே போன் போட வேண்டியதுதான்.