தலைவலிக்கு விடுப்புப் பணம்: மதுரைக் குறிப்புகள்

7-4-2025, திங்கள்
ஒற்றைத் தலைவலிக்கு மாற்றுத்திறனாளி அட்டை கேட்டுக் குறைதீர் நாளில் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்க நினைப்பவர்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டம் சொல்லும் 21 வகைகளில் ஒற்றைத் தலைவலி இல்லை. நாள்பட்ட நரம்பு நோய் என்ற தலைப்பில் பெயர் சொல்லியிருப்பது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், பார்க்கின்சன் இரண்டையும்தான். தலைவலிக்கு மட்டும் அட்டை வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

10-4-2025, வியாழன்
சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் செய்தால், லீவு நாளுக்குப் பணம் வாங்க வழி உண்டு. கப்பலூர் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள் பலருக்கு இதுதான் பொருந்தும். இந்த ஜூன் வரை நோய்ப்படி, அதாவது நோயால் வேலைக்குப் போகாத நாளுக்கான பணம் வாங்க, போன வருஷம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். தினச் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். வருஷத்துக்கு 91 நாள் வரை.

22-4-2025, செவ்வாய்
பலர் ஏமாறும் இடம் இது. முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. ஒற்றைத் தலைவலியோ பெரும்பாலும் ஒரு நாள், இரண்டு நாளில் தணிந்துவிடும். அப்படி எத்தனை முறை லீவு எடுத்தாலும் கைக்கு ஒன்றும் வராது. மூன்றாம் நாளும் எழ முடியாமல் போய் ஒருமுறை பணம் வாங்கிவிட்டால், அந்தச் சுற்று முடிந்த 15 நாளுக்குள் மறுபடி வரும் வலிக்கு முதல் நாளிலிருந்தே கணக்கு. ஆகவே வலி தொடங்கிய அன்றே, யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொண்டாவது இஎஸ்ஐ டிஸ்பென்சரிக்குப் போய்விடுங்கள். தணிந்தபின் போய்ப் பழைய தேதிக்குச் சான்று கேட்டால் டாக்டர் எதைப் பார்த்து எழுதுவார்?

12-5-2025, திங்கள்
அழகர் ஆற்றில் இறங்கும் நாள். தூக்கமில்லாத இரவு, உச்சி வெயில், பட்டினி மூன்றும் சேர்ந்து வலியைக் கிளப்பிவிடும். டாக்டரிடம் காட்ட ஒரு நோட்டில் எழுத வேண்டியது இப்படி: ‘காலை 6 மணி, இடது பொட்டு, விண்விண், வாந்தி 2, சுமாட்ரிப்டான் 50 மி.கி. ஒன்று, மதியம் 2 வரை இருட்டறை, வேலைக்குப் போகவில்லை.’ மாதம் 15 நாளாவது தலைவலி, அதில் 8 நாளாவது ஒற்றைத் தலைவலி, இப்படி மூன்று மாதத்துக்குமேல் இருந்தால்தான் நாள்பட்டது என்பார்கள். வெறும் ‘தலைவலி’ என்று எழுதினால் இது தேறாது.

20-5-2025, செவ்வாய்
மாத்திரைக் கணக்கையும் மறைக்காதீர்கள். டிரிப்டான் (சுமாட்ரிப்டான் வகை மாத்திரை) மாதம் 10 நாள், பாராசிட்டமால் 15 நாள் என்று மாதக்கணக்கில் போனால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். டாக்டர் முதலில் அதைத்தான் நிறுத்தச் சொல்வார். வேலைக்குத் திரும்புமுன் கடைசிச் சான்று வாங்கி, பணம் கோரும் 9-ஆம் படிவத்தோடு இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் கொடுங்கள். நோய்ப்படி வாங்கும் நாட்களில் முதலாளி வேலையை விட்டு நீக்க முடியாது, சட்டமே தடுக்கிறது.