பார்க்கலாம்

சியோலில் மொழிபெயர்ப்பாளனாகச் சேர்ந்த முதல் வருடம். தமிழ்நாட்டில் உதிரிபாகம் செய்துகொடுக்கும் ஒருவருக்கும் எங்கள் கொரிய மேலதிகாரிகளுக்கும் நடுவே வீடியோ மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தேன். "முன்பணத்தைக் கொஞ்சம் சீக்கிரம் தர முடியுமா?" என்று அவர் கேட்டார். எங்கள் பக்கத்திலிருந்து வந்த பதில்: "கொம்தோஹே பொகெஸ்ஸும்னிதா." நான் அட்சரம் பிசகாமல், "பரிசீலித்துப் பார்க்கிறோம் என்கிறார்கள்" என்றேன்.

இரண்டு மாதம் கழித்து அவரிடமிருந்து போன். "தம்பி, பரிசீலிக்கிறோம்னு நீங்கதானே சொன்னீங்க? நான் கடன் வாங்கி இரும்பு எடுத்துட்டேன்."

கொரிய அலுவலகங்களில் அந்த வாக்கியம் பெரும்பாலும் முகம் சுளிக்காமல் சொல்லும் 'இல்லை'. நம்மூர் 'பார்க்கலாம்' போலத்தான். 'பார்க்கலாம்' என்றே சொல்லியிருந்தால் அவருக்கு அந்த நொடியே புரிந்திருக்கும். கௌரவமான சொல்லைத் தேடிப்போய் அவரைக் கவிழ்த்துவிட்டேன்.

டீம் லீடர் திட்டவில்லை. மதியச் சாப்பாடு முடிந்ததும், "வா, நடப்போம்" என்று தொக்சுகுங் அரண்மனையின் கல்மதிலை ஒட்டி சொங்தோங் பக்கம் கூட்டிப்போனார். சந்துக்குள் சுங்மியோங்ஜொன் என்ற இரண்டு மாடிச் செங்கல் கட்டடம். அரச நூலகமாகக் கட்டப்பட்டது. 1905 நவம்பர் 17 இரவு, வெளியே ஜப்பானியப் படை நிற்க, ஜப்பானின் சிறப்புத் தூதர் இட்டோ ஹிரோபூமி கொரிய அமைச்சர்களை இங்கேதான் உட்காரவைத்து நெருக்கினார். பிரதமர் ஹான் க்யூ-சொல் மறுத்தார். எட்டுப் பேரில் ஐந்து பேர் இணங்கிவிட, கொரியாவின் வெளியுறவு ஜப்பான் கைக்குப் போனது.

எனக்கு அந்த இரவின் கதையைவிட அங்கே டீம் லீடர் சொன்ன இன்னொரு கதைதான் மனதில் நின்றது. 1882-இல் அமெரிக்காவோடு கொரியா செய்த ஒப்பந்தம். அதன் பேச்சுவார்த்தையில் பெரும்பகுதியை நடத்தியது கொரியரே அல்ல, சீனத்தின் உயர் அதிகாரி லீ ஹொங்சாங், அதுவும் தியன்சினில் உட்கார்ந்து. அதன் முதல் பிரிவில், இருவரில் ஒருவருக்கு வேறு நாடு அநியாயம் செய்தால் மற்றவர் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி. ஆங்கிலப் பிரதியில் அது நடுவில் நின்று சமரசம் பேசுவதாக அளவோடு இருக்கிறது. சீனப் பிரதியிலோ 'கட்டாயம் உதவ வேண்டும்' என்ற சொற்களும் இருக்கின்றன. கொரியாவின் கொஜோங் மன்னர் படித்தது சீனப் பிரதியை.

மனிதர் அந்த வரியை இருபது வருடத்துக்கு மேல் நம்பினார். 1895-இல் ஜப்பானியர் அரண்மனைக்குள் புகுந்து அவர் ராணியை வெட்டிக் கொன்றார்கள். அடுத்த பிப்ரவரியில் பெண்கள் ஏறும் பல்லக்கில் ஒளிந்து ரஷ்யத் தூதரகத்துக்கு ஓடி, ஏறக்குறைய ஒரு வருடம் அங்கிருந்தே ஆட்சி செய்தார். ரஷ்யருக்குக் காடு, அமெரிக்கருக்குத் தங்கச் சுரங்கமும் ரயில் பாதையும் என்று எழுதிக்கொடுத்ததும் அந்த வருடங்களில்தான். ஆளுக்கொன்று கொடுத்தால் யாராவது ஒருவர் கூட நிற்பார் என்ற கணக்கு. அதை முட்டாள்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் கையில் வேறு என்ன இருந்தது?

1905 ஜூலையிலேயே டோக்கியோவில் அமெரிக்கப் போர் அமைச்சர் டாஃப்டும் ஜப்பான் பிரதமர் கட்சூராவும் பேசி முடித்துவிட்டார்கள்: பிலிப்பைன்ஸ் பக்கம் ஜப்பான் வராது, கொரியா விஷயத்தில் அமெரிக்கா குறுக்கே நிற்காது. கொஜோங்குக்கு அது தெரியாது. செப்டம்பரில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் மகள் ஆலிஸ் சியோலுக்கு வந்தபோது ராஜ விருந்து வைத்தார். நவம்பரில் ஜப்பானுடனான ஒப்பந்தம் கையெழுத்தானதும் முதலில் தூதரகத்தை மூடிக் கிளம்பியது அமெரிக்காதான். அந்தப் பழைய தூதரகக் கட்டடம் இன்றும் பக்கத்து மதிலுக்குள்ளேயே இருக்கிறது, அமெரிக்கத் தூதரின் வீட்டு வளாகத்தில்.

"உன் ஆள் இரும்பு வாங்கினார், எங்கள் ராஜா விருந்து வைத்தார்," என்றார் டீம் லீடர். சிரிப்பதா என்று தெரியாமல் நின்றேன்.

அடுத்த மாதம் ஒரு ஒப்பந்த வரைவு மேஜைக்கு வந்தது. 'தேவைப்பட்டால் முழு ஒத்துழைப்பு வழங்கப்படும்' என்று ஒரு வரி. மொழிபெயர்க்காமல் சட்டப் பிரிவுக்கு போன் போட்டேன். ஒத்துழைப்பு என்றால் பணமா, ஆளா, எத்தனை நாளுக்குள்? மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாக, "கொம்தோஹே பொகெஸ்ஸும்னிதா" என்றார்கள்.

அந்த வரிக்கு நேரே சிவப்பு மையில் 'பார்க்கலாம்' என்று எழுதி, கோப்பைத் திருப்பி அனுப்பினேன்.